ரெப்ரி எந்தப் பக்கம்?

2025 ஏப்ரல் கடைசி வார இறுதி முடிவுகள் இவை.

சனி இரவு, செவில்லா: பார்சிலோனா 3 – ரியல் மட்ரிட் 2, மேலதிக நேரத்தில்.

ஞாயிறு இரவு, அன்ஃபீல்ட்: லிவர்பூல் 5 – டொட்டன்ஹாம் 1.

இரண்டுக்கும் இடையில், ஞாயிறு பின்னேரம், எங்கட கரையோரத்து மைதானம் ஒன்றில்: 1 – 1. பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கும்போது ஆட்டம் நிறுத்தப்பட்டது.

முதல் இரண்டையும் பற்றி உலகமே எழுதி முடித்துவிட்டது. மூன்றாவதைப் பற்றி எங்கட வட்ஸ்அப் குரூப்புகளில் மட்டும்தான் எழுதினார்கள். அங்கே எழுதப்பட்டதை வாசித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அதுதான் இது.

சனி இரவிலிருந்து தொடங்குறன். ஸ்பெயின் அரசர் கிண்ண இறுதியாட்டம் எங்கட நேரத்துக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரைக்கு. கட்டி முடியாத வீடொன்றின் மொட்டை மாடியில் ஆறு பேர். ஊர் ஆக்கள் மூன்று, பக்கத்து ஊர்க் கூட்டாளிமார் மூன்று. நாலு பேர் பார்சா, இரண்டு பேர் மட்ரிட். ஊர்க் கணக்கும் அணிக் கணக்கும் ஒத்துவராது. அதுதான் அந்த மொட்டை மாடியின் அழகு. லிங்க் வெட்டி வெட்டித்தான் ஓடியது. பெட்ரி அடித்த முதல் கோலுக்குக் கத்தினோம். எம்பாப்பேயும் சுவாமெனியும் திருப்பி அடித்தபோது மட்ரிட்காரன் இரண்டு பேரும் எங்கட தலையில் ஏறி நின்று ஆடினார்கள். 84ஆவது நிமிடத்தில் ஃபெரான் டொரஸ் சமப்படுத்தினார். வழமையான நேரம் முடியப் போகும் தறுவாயில் ரஃபீனியா விழுந்தார், மத்தியஸ்தர் பெனால்டி குடுத்தார், பிறகு வீஏஆர் பார்த்து அதை ரத்துச் செய்து ரஃபீனியாவுக்கே மஞ்சள் அட்டை காட்டினார். அந்த நேரத்தில் நான் அந்த மனிசனுக்கு விட்ட தூசணத்தை இங்கே எழுத ஏலாது. 116ஆவது நிமிடத்தில் கூண்டே அடித்த கோலுக்குப் பிறகு தூசணம் விடும் முறை மட்ரிட்காரருக்கு வந்தது. சுபஹ் பாங்குக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது கலைந்து போனோம்.

அந்த மத்தியஸ்தரின் பெயர் ரிக்கார்டோ டி பேர்கோஸ் பெங்கோஎட்சியா. ஆட்டத்துக்கு முதல் நாள் பத்திரிகையாளர் முன்னால் இருந்து அழுதார். மட்ரிட் கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சி, மத்தியஸ்தர்களின் பிழைகளைத் தொகுத்துத் தொகுத்து ஆட்டங்களுக்கு முன்னர் ஒளிபரப்புவதை ஒரு தொழிலாகவே செய்கிறது. அதன் விளைவு வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதைத்தான் அவர் சொன்னார்: பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் "உன் அப்பா கள்ளன்" என்று சொல்ல, மகன் அழுதுகொண்டு வருகிறானாம். அடுத்த நாள் இரவு ஆட்டம் முடியும் நேரத்தில் மட்ரிட்டின் ருடிகர் பெஞ்சிலிருந்து அவரை நோக்கி ஒரு பொருளை எறிந்தார். அதற்கு ஆறு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது.

அந்த ஆறு பேரும் அன்றிரவு மத்தியஸ்தரை ஏசினோம். குருடன் என்றோம், காசு வாங்கிட்டான் என்றோம். ஆனால் ஒருவனும் "அவன் எந்த ஆள்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருக்கிறது. அவர் பில்பாவோ நகரத்தவர், பாஸ்க் பிரதேசம். ஸ்பெயினில் அது லேசான அடையாளம் இல்லை. தனி மொழி, தனி நாடு கேட்ட ஆயுத இயக்கம், 800 பேருக்கு மேல் கொல்லப்பட்ட வரலாறு, 2018இல்தான் அந்த இயக்கம் தன்னைக் கலைத்தது. இலங்கையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் விளங்காத கதை இல்லை. இருந்தும் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அவர் எங்களுக்குப் பிழை விட்ட ஒரு ரெப்ரி, அவ்வளவுதான்.

இனி ஞாயிறு பின்னேரத்துக்கு வாங்க.

சுற்றுப்போட்டியொன்றின் அரையிறுதி. ஓர் ஊர்க் கழகம், பக்கத்து ஊர்க் கழகம். எங்கட வீதியில் அது எப்படி என்று தெரியும்தானே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று பஸ் கொண்டக்டர் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போவார். ஒன்று முடியும் மதிலில் மற்றது தொடங்கும். ஒரு ஊர் தமிழ், அடுத்த ஊர் முஸ்லிம், பிறகு திரும்பவும். இரண்டு பக்கமும் பேசுவது ஒரே தமிழ். "இரிக்கு" என்று சொல்லாத ஊர் இதில் ஒன்றும் இல்லை.

ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது பெனால்டி பெட்டிக்குள் பந்து ஒரு பொடியனின் கையில் பட்டது. மத்தியஸ்தர் விசில் ஊதி புள்ளியைக் காட்டினார். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க அது பெனால்டி இல்லை. கை உடம்போடு ஒட்டி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறன். ஆனால் நான் நின்றது நாற்பது மீற்றருக்கு அப்பால், அவர் நின்றது ஐந்து மீற்றரில்.

சனம் கத்தியது. அது பரவாயில்லை, கத்தத்தான் மைதானத்துக்கு வாறம். பிறகுதான் ஒருத்தன் அந்த வசனத்தைச் சொன்னான்: "அவன்ட ஆக்களுக்கு அவன் குடுக்காம வேற ஆர் குடுப்பான்?" அந்த ஒரு வசனத்தோடு மைதானத்தில் உதைபந்தாட்டம் முடிந்துவிட்டது. அதுவரை இரண்டு கழகங்களாக நின்ற சனம் இரண்டு இனமாக நின்றது. கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். தண்ணிப் போத்தல் பறந்தது. பொலிஸ் வந்தது. ஆட்டம் நிறுத்தம். இருட்டுவதற்குள் பதினொரு செக்கன் வீடியோ ஒன்று எல்லாக் குரூப்பிலும் சுற்றியது. அதில் பந்து கையில் பட்ட காட்சி இல்லை. மத்தியஸ்தர் புள்ளியைக் காட்டுவது மட்டும் இருந்தது, கீழே அவர் பெயர், அவர் ஊர்.

இதை வாசிக்கிற நீங்கள் இப்போது ஒன்றைத் தேடுகிறீர்கள். எந்தக் கழகம், எந்த ஊர், ரெப்ரியின் பெயர் என்ன, இதை எழுதுகிறவன் எந்தப் பக்கம். நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்தப் பெயர் தெரிந்தவுடன் உங்களில் பாதிப் பேர் "ஓ, அப்ப சரிதான்" என்பீர்கள், மற்றப் பாதி "ஓ, அப்ப பிழைதான்" என்பீர்கள். பந்து கையில் பட்ட விதம் ஒரு அங்குலமும் மாறியிருக்காது. நான் சொல்ல வருகிற வியாதி இதுதான்.

நான் சுத்தமான ஆள் இல்லை. அந்த வீடியோவை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன், சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டு. இரவு லிவர்பூல் மெட்ச் பார்க்கும்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. திங்கட்கிழமை என் தங்கச்சி ரியூசன் முடிந்து வந்து சொன்னாள், அந்த மத்தியஸ்தரின் மகளும் அவளும் ஒரே வகுப்பாம், பிள்ளை அன்றைக்கு வரவில்லையாம். வகுப்பில் யாரோ போனில் அந்த வீடியோவைச் சுற்றிக் காட்டினார்களாம். செவில்லாவில் அழுத மனிதனின் கதையை வாசித்து "ஐயோ பாவம்" என்று இதயம் போட்ட அதே விரலால்தான் நான் இதையும் செய்திருக்கிறேன்.

இனி எனக்கு வந்த மறுப்புகளுக்கு வாறன். கூட்டாளி ஒருத்தன் சொன்னான்: "மச்சான், சும்மா நல்லவன் மாதிரி எழுதாத. ரெப்ரிமார் பக்கச் சார்பா ஊதுறது உண்மையா இல்லையா?"

உண்மை. மறைக்க ஒன்றுமில்லை. நான் உயிராய் நேசிக்கும் பார்சிலோனா, ஸ்பெயின் மத்தியஸ்தர் குழுவின் உபதலைவராக இருந்த நெக்ரெய்ராவின் நிறுவனங்களுக்கு 2001 முதல் 2018 வரை 70 இலட்சம் யூரோவுக்கு மேல் குடுத்திருக்கிறது. அறிக்கைகளுக்குக் குடுத்த காசு என்று கழகம் சொல்கிறது, வழக்கு நடக்கிறது. இத்தாலியில் 2006இல், மத்தியஸ்தர் நியமனங்களில் கை வைத்த ஊழலுக்காக யுவென்டஸின் இரண்டு சம்பியன் பட்டங்களும் பறிக்கப்பட்டு, அது இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மோசடி நடக்கும், நடந்திருக்கிறது. ஆனால் அவற்றை வெளியே கொண்டுவந்தது எது? காசு போன கணக்குகள், தொலைபேசி ஒலிப்பதிவுகள், நீதிமன்றம். யுவென்டஸ்காரரைப் பிடித்தது அவர்கள் பேசிய பேச்சு, அவர்களின் தாய் தகப்பன் யார் என்பதல்ல. உங்களிடம் ஆதாரம் இருந்தால் ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதிக் குடுங்க, லீக்குக்கு எழுதிக் குடுங்க, நானும் கையெழுத்து வைக்கிறன். பெயரையும் ஊரையும் தவிர வேறு ஆதாரம் இல்லை என்றால், நீங்கள் வைப்பது குற்றச்சாட்டு இல்லை. அது இனவாதம்.

இரண்டாவது மறுப்பு: "அப்ப நடுநிலையா வெளியூர் ரெப்ரியைக் கொண்டுவரலாம்தானே." கொண்டுவாங்க. எங்கிருந்து? ஸ்கொட்லாந்துக்காரர் இந்தப் பாதையில் கடைசிவரை போய்ப் பார்த்தவர்கள். கிளாஸ்கோ நகரத்தில் செல்டிக் கத்தோலிக்கரின் கழகம், ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்தரின் கழகம். 1989இல் மோ ஜோன்ஸ்டனை எடுக்கும் வரை ரேஞ்சர்ஸ், கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகத் தெரிந்த பிரபல வீரர் எவரையும் எடுக்காத கழகம். அப்படியான ஊரில் ரெப்ரியின் ஒவ்வொரு விசிலுக்கும் மதம் இருந்தது. 2010 நவம்பரில் தங்கள் நேர்மையைச் சந்தேகிப்பது தாங்க முடியாமல் போய் மத்தியஸ்தர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வார இறுதி ஆட்டங்களை நடத்த லக்சம்பேர்க்கிலிருந்தும் மோல்டாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் ஆட்களைக் கூட்டி வரவேண்டி இருந்தது. அந்த நாட்டிடம் விமான டிக்கட்டுக்குக் காசு இருந்தது. எங்கட சுற்றுப்போட்டியில் ரெப்ரிக்குக் குடுக்கும் காசு பெற்றோலுக்கும் பிளேன்டீக்கும் காணாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சொந்தக் காசில் வாங்கிய விசிலோடு வெயிலில் ஓடுகிற மனிசர்கள் அவர்கள். இவர்களையும் விரட்டினால் யார் வருவார்? ஒருவரும் வரமாட்டார்.

மூன்றாவது, "சின்ன விசயத்தைப் பெருசாக்குறாய்" என்பது. இதுதான் எனக்கு ஆத்திரம் ஏற்றியது.

எந்த இரவில் மொட்டை மாடியில் ஏறினோமோ, அதே ஏப்ரல் 26ஆந் தேதி இரவு, 2019இல், சாய்ந்தமருதில் வெடிச் சத்தம் கேட்டது. எனக்கு அப்போது பதினாறு. பிள்ளைகளும் செத்த அந்த வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்டுப் பொலிசுக்குச் சொன்னதே அந்த ஊர்ச் சனம்தான். அதைப் பிறகு எத்தனை பேர் ஞாபகம் வைத்திருந்தார்கள்? அடுத்தடுத்த மாதங்களில் அந்தக் கடையில் வாங்காதே, இந்த ஆட்டோவில் ஏறாதே என்ற பேச்சு நாடு முழுக்க ஓடியது, எங்கட வீதியிலும் ஓடியது. "அந்தப் பக்கம்" என்ற சொல் எவ்வளவு கெதியாய் வளரும் என்று பார்த்த தலைமுறை நாங்கள். அது சின்னச் சொல் என்று எங்களிடமே சொல்ல வேண்டாம்.

அப்போது 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பதினொரு செக்கன் வீடியோ விளையாட்டுக் குரூப்பிலிருந்து தேர்தல் குரூப்புகளுக்கு எவ்வளவு நேரத்தில் போனது என்று பார்த்தீர்களா? அங்கே அதைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு பின்னேரமாவது மைதானத்துக்கு வந்தவர்கள்? மைதானத்துக்கு வேலி இல்லை, உடை மாற்ற அறை இல்லை, மழைக்குக் குளம். அதைப் பற்றி வாய் திறக்காதவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தவுடன் இனத்தின் மானம் ஞாபகம் வருகிறது. மேடையில் விபுலானந்த அடிகள் பிறந்த மண், முத்தமிழ், ஒற்றுமை என்று பேசிவிட்டுக் கீழே இறங்கி வொயிஸ் மெசேஜ் போடுகிற ஆக்கள் இரண்டு பக்கமும் தாராளமாய் இருக்கிறார்கள். பழியில் மட்டும் சம பங்கு.

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு லிவர்பூல் மெட்ச். தேத்தண்ணிக் கடையில் வழமையான கூட்டம் பாதிதான். மற்ற ஊர் ஆக்கள் வரவில்லை. சொலங்கே முதல் கோலை அடித்து டொட்டன்ஹாமை முன்னுக்குக் கொண்டுபோனார். நாலு நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு லைன்ஸ்மன் ஓஃப் சைட் கொடி தூக்கினார். வீஏஆர் பார்த்தது, கொடி பிழை, கோல் சரி. லைன்ஸ்மன் கொடியை இறக்கிவிட்டுத் திரும்பக் கோட்டுக்கு ஓடினார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதன் பிழை விடுகிறான், திருத்தப்படுகிறது, ஆட்டம் நடக்கிறது. பிறகு மக் அலிஸ்டர், கக்போ, சலா, கடைசியில் ஒரு சொந்தக் கோல். லிவர்பூலுக்கு இருபதாவது லீக் பட்டம். சலா ரசிகர் ஒருவரின் போனை வாங்கி சனத்தோடு செல்ஃபி எடுத்தார். எங்கட கடையில் ஒருத்தரும் சத்தமாய்க் கத்தவில்லை.

சலாவைப் பற்றி ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் முன்னணி அரசியல் விஞ்ஞான சஞ்சிகையொன்றில் 2021இல் வந்தது. அவர் லிவர்பூலுக்கு வந்த பிறகு மேர்சிசைட் பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், வராமல் இருந்திருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவை விட 16 வீதம் குறைந்ததாக அது கணக்கிட்டது. லிவர்பூல் ரசிகர்களின் முஸ்லிம் விரோத ட்வீட்டுகள் பாதியாய்க் குறைந்ததாம். இதைக் காட்டி "பார்த்தீங்களா, உதைபந்தாட்டம் ஒற்றுமையை வளர்க்கும்" என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சலா கோல் அடிக்கிறார். கோல் அடிக்கிற வரைக்கும் எவனும் எங்கட ஆள்தான். எங்கட சுற்றுப்போட்டிகளிலும் பக்கத்து ஊர் ஸ்ட்ரைக்கரை இரவலுக்கு எடுக்கிறோம், அவன் அடித்தால் தோளில் தூக்குகிறோம். அப்போது அவன் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. ரெப்ரியால் எங்களுக்குக் கோல் அடித்துத் தர ஏலாது. அவரால் எங்களுக்கு நட்டம் மட்டும்தான் வர முடியும். அதனால்தான் சோதனை அவரில் இருக்கிறது. "மற்றப் பக்கத்து" மனிதன் ஒருவன் எங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லும்போது, அது பிழையான தீர்ப்பாகவே இருக்கும்போது, அவனை மனிதனாக மட்டும் பார்க்க ஏலுமா? ஞாயிற்றுக்கிழமை எங்களால் ஏலவில்லை.

இன்னொரு ஆய்வு, ஈராக்கில். ஐஎஸ் இயக்கத்தால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் அணிகளில் சிலவற்றுக்குள் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஒரு லீக் நடத்தினார்கள். முடிவு 2020இல் வெளிவந்தது. கலந்து ஆடியவர்கள் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள், மற்ற அணி முஸ்லிம் வீரருக்கு விருதுக்கு வாக்களித்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் பெரிய மாற்றம் இல்லை. எனக்கு இது நம்பக்கூடிய முடிவாகப் படுகிறது. விளையாட்டு ஒரு மந்திரம் இல்லை. வருசத்துக்கு ஒரு தடவை பேனர் கட்டி, அதிதிகளுக்கு மாலை போட்டு நடத்தும் சமாதானக் கிண்ணத்தால் ஒன்றும் ஆகாது. ஒரே அணியில், ஒவ்வொரு பின்னேரமும், ஒரே பந்துக்கு ஓடினால் கொஞ்சம் ஆகும். மிச்சத்தை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு முடிக்கிறன்.

ஒன்று, இரண்டு கழகங்களின் தலைவர்களும் சேர்ந்து ஒரே ஆட்டோவில் அந்த மத்தியஸ்தரின் வீட்டுக்குப் போங்க. தனித்தனியாய் வேண்டாம்.

இரண்டு, எந்த மைதானத்திலும் இனத்தைச் சொல்லி ஒருவன் கத்தினால் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தலாம் என்று சுற்றுப்போட்டி விதியில் எழுதுங்க. ஃபீஃபாவின் நடைமுறையே அப்படித்தான்: முதலில் நிறுத்துவது, பிறகு வீரர்களை வெளியே கூப்பிடுவது, கடைசியில் ஆட்டத்தையே கைவிடுவது. நிறுத்தியவுடன் கத்தியவனின் சொந்த அணித் தலைவர் போய் அவனை வாயை மூடச் சொல்ல வேண்டும். எங்கட ஆளை நாங்கள் அடக்காவிட்டால் அதை வேறு யாரும் செய்ய ஏலாது.

மூன்று, கைவிடப்பட்ட ஆட்டத்தைத் திரும்ப ஆடுவதுதான் வழமை. ஆனால் ஏற்பாட்டாளர்கள் வேறு விதமாகவும் தீர்மானிக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பாக்கி இருக்கிற பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் ஆடுங்க. அதே மத்தியஸ்தர். தொடக்கம் அந்தப் பெனால்டி. அது பிழையான பெனால்டி என்று நான் இன்னும் நம்புகிறன். அதனால்தான் அதை அடிக்கச் சொல்றன். பிழையான தீர்ப்பைத் தாங்கிக்கொண்டு ஆடத் தெரியாதவனுக்குச் சரியான தீர்ப்பைக் கேட்க வாயில்லை.

வீடியோவை அழித்துவிட்டேன். நான் அனுப்பிய இரண்டு பேரிடமும் போன் எடுத்துச் சொன்னேன். ஒருத்தன் அழித்தான். மற்றவன் சிரித்துவிட்டு, "அப்ப நீயும் அந்தப் பக்கமா?" என்று கேட்டான்.

எந்தப் பக்கம் என்று அவன் கேட்கட்டும். அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஆடப்படும் நாளில் நான் கோட்டுக்கு வெளியே நிற்பேன். நீங்களும் வாங்க. ரெப்ரியை ஏசலாம், குருடன் எண்டு வேணும் எண்டால் ஆயிரம் தடவை கத்தலாம். பெயரையும் ஊரையும் மட்டும் வீட்டில் விட்டுட்டு வாங்க.